கறுப்புச் சட்டையும் கத்தும் தொண்டையும்

1992இல் மலேசியாவில் ஒரு முடிவெட்டு நாட்டுச் செய்தியானது. முடியைக் கொடுத்தவர் ‘செர்ச்’ என்ற ராக் குழுவின் பாடகர் ஏமி. கத்தரிக்கோல் பிடித்தவர் அன்றைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட். நீளமுடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று தடை வந்திருந்தது. முடி போனால்தான் திரை திறக்கும். ‘விங்ஸ்’ குழுவின் அவியும் அப்படித்தான் முடியிழந்தார். செர்ச், 1981இல் ஜொகூர் பாருவில் பிறந்த குழு. அமைச்சரோ அந்த ஊரை ஒட்டிய பூலாய்க்காரர். ஒரே வட்டாரத்து ஆட்கள் இருவர்: ஒருவர் மேடையேறி ஊரை மிரளவைத்தார், மற்றவர் மேடையேறி ஊருக்கு நல்வழி சொன்னார். கடைசியில் இருவரும் ஒரே கத்தரிக்கோலின் இரு பக்கமாக நின்றார்கள்.

‘ரோக் காப்பாக்’ என்று மலேசியர்கள் அழைத்த அந்தப் பட்டாளத்தின் கறுப்புத் தோல் சட்டைக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. அவர்களில் ஆக இருண்ட கிளை கோத். 1979இல் பௌஹவுஸ் என்ற ஆங்கிலேயக் குழு, டிராகுலா வேடத்தால் புகழ்பெற்ற நடிகர் பேலா லுகோசியின் பெயரில் ஒரு நீண்ட பாட்டை வெளியிட்டது. 1982இல் லண்டனில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்தது. அங்கிருந்து ஒரு கோலம் உலகம் சுற்றக் கிளம்பியது: கறுப்பு உடை, கறுப்பு உதடு, வெளுத்த முகம், கனத்த பூட்ஸ். ஜொகூர் பாருவின் இளைஞர்களுக்கு இந்தக் கோலத்துக்குப் பெரிய செலவில்லை. ‘பண்டல்’ எனப்படும் பழைய துணிக் கடைகளிலும், பழைய பொருள்களுக்குப் பேர்போன பசார் காராட்டிலும், யாரோ எந்த நாட்டிலோ போட்டுக் கழித்த பூட்ஸும் தோல் சட்டையும் மலிவாகக் கிடைக்கும்.

கறுப்பைக் கண்டு பெரியவர்கள் பதறுவதும் இங்கே புதிதல்ல. 2001இல் ‘பிளாக் மெட்டல்’ இசை கேட்கும் பிள்ளைகள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்ற அச்சம் மலேசியப் பள்ளிக்கூடங்கள்வரை பரவியது. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஓர் இசை அரங்கைப் போலீஸ் சுற்றி வளைத்தது. ஏறக்குறைய 380 பேர் பிடிபட்டார்கள். தேடி வந்தது பிளாக் மெட்டலை. உள்ளே நடந்துகொண்டிருந்ததோ பங்க் கச்சேரி.

இந்தக் கறுப்புக் கோலத்துக்கு எதிரே ஒரு தெருப் போதகரை நிறுத்திப் பார்ப்போம். தெருமுனையில் நின்று நரகத்தைப் பற்றி எச்சரிக்கும் மேற்கத்தியப் போதகரை ஜொகூரில் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது. இஸ்லாமியப் போதனைக்கு அனுமதிச் சான்று வேண்டும். முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த 1991இல் இந்த மாநிலம் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் ஒலிவாங்கியைப் பிடித்து வழிப்போக்கரை நிறுத்தும் கலை இங்கே நன்றாகத் தெரியும். சந்தை ஓரத்தில் எண்ணெயும் வேரும் விற்கும் மருந்துக்காரர் அந்தக் கலையில் தேர்ந்தவர். வாய் ஓயாமல் பேசுபவரை ‘மருந்து விற்பவன் மாதிரி’ என்று மலாய்க்காரர்கள் சொல்வதே அவரால்தான்.

தமிழனுக்கு இந்தச் சந்திப்பில் ஒரு கூடுதல் சுவை இருக்கிறது. தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டையும் தெருமுனைப் பேச்சும் எதிரெதிரே நிற்கவில்லை. ஒரே உடம்பில் இருந்தன. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அறிவித்தார். 1948இல் சென்னை மாகாண அரசு அதற்குத் தடை விதித்தது. 1929இலும் 1954இலும் அவர் மலாயாவுக்கு வந்திருக்கிறார். இந்த மண்ணின் தோட்டப்புறத் தமிழர்களுக்கு மேடைப் பேச்சும் சீர்திருத்தமும் சேர்ந்தே அறிமுகமாயின. அதே தமிழர்களில் இன்னொரு பகுதியினர் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் ஐயப்பனுக்கு விரதமிருக்கிறார்கள். கடவுளை மறுத்தவர் உடுத்தியதும் கறுப்பு, கடவுளுக்காக நோன்பிருப்பவர் உடுத்துவதும் கறுப்பு. ஒளிக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. எந்தக் கறுப்பு மேல் விழுந்தாலும் அது ஒரே கணக்கில் வெப்பமாகிறது. அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் பார்க்க ஆசை.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 31, 32 டிகிரியைத் தொடும். தீபகற்ப மலேசியா 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். அப்போது தெளிந்த வானத்திலிருந்து ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஆயிரம் வாட் அளவுக்கு ஆற்றல் கொட்டுகிறது. ஆனால் நேரே தலைக்கு மேல் நிற்கும் சூரியனுக்கு, நிற்கும் மனிதனின் தலையும் தோளும் மட்டுமே அகப்படும். நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கிறதே, உடம்பு வாங்கும் வெயிலின் அளவு அதுதான். மூன்று, நான்கு மணிக்கு வெயில் சரிந்து மார்பிலும் முதுகிலும் விழும்போதுதான் கறுப்புச் சட்டைக்காரர் முழுதாகச் சூடேறுகிறார்.

அப்படியென்றால் பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி உடுத்துகிறார்கள்? இந்தக் கேள்விக்கு 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று விடை சொன்னது. நெகேவ் பாலைவனத்தில் நடுப்பகல் வெயிலில் ஒரு தன்னார்வலரை நிறுத்தினார்கள். காற்றின் வெப்பம் 35 முதல் 46 டிகிரி. ஒரு முறை கறுப்பு அங்கி, ஒரு முறை வெள்ளை அங்கி, ஒரு முறை இராணுவச் சீருடை, ஒரு முறை அரைக்கால்சட்டை மட்டும். கறுப்பு அங்கி வெள்ளையைவிட மிக அதிகமாக வெயிலைக் குடித்தது. ஆனால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டவே இல்லை! தொளதொளவென்ற அங்கிக்குள் சூடான காற்று மேலெழுந்து கழுத்து வழியாக வெளியேறியது. நடக்க நடக்கத் துணி துருத்திபோல் அசைந்து புதுக்காற்றை உள்ளே இழுத்தது. கறுப்பில் ஏறிய சூட்டைக் கறுப்பே கிளப்பிய காற்று கொண்டுபோய்விட்டது. கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் உடம்புக்கு ஏறிய வெப்பம் ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு கோத் அன்பர் யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். பெதூயின் அங்கி தளர்ந்தது, அவர்கள் காற்று உலர்ந்தது. ஜொகூரின் தோல் சட்டை உடம்போடு ஒட்டியது, இந்த ஊர்க் காற்றோ ஏற்கெனவே நீராவியால் நிறைந்தது. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டுமே. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. சும்மா நிற்கும்போதே நம் உடம்பு 100 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த 100 வாட் வெளியேற வழியில்லாமல் தோல் சட்டைக்குள் தேங்குகிறது. ஆகவே இங்கே அவர்களை அதிகம் வாட்டுவது கறுப்பைக் காட்டிலும் இறுக்கம்தான்.

இரவானதும் கதை மாறுகிறது. இதுதான் எனக்கு மிகப் பெரிய வியப்பு. நம் தோலும் துணியும் வெளிவிடும் வெப்பக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பதினைந்து இருபது மடங்கு நீண்ட அலை கொண்ட அகச்சிவப்புக் கதிர். அந்த அலையில் பார்த்தால் வெள்ளைப் பருத்தியும் கறுப்புதான், கறுப்புப் பருத்தியும் கறுப்புதான்; இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வெப்பத்தை உறிஞ்சும், ஒரே அளவில் வெளிவிடும். சூரியன் மறைந்தபின் கோத் இளைஞரின் கறுப்புச் சட்டைக்கும் அவரைத் திருத்த வந்த போதகரின் வெள்ளைச் சட்டைக்கும் வெப்பக் கணக்கில் வேறுபாடு கிடையாது. அகச்சிவப்புக் கண்ணுள்ள ஒரு பிராணிக்கு இருவரும் ஒரே கட்சி.

போதகர் கொடுக்கும் விலை வேறு வகை. சாதாரணப் பேச்சு, ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல் இருக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும்: இரண்டு மீட்டரில் 54, நான்கில் 48, எட்டில் 42. ஜாலான் வோங் ஆ ஃபூக் மாதிரி நெரிசலான சாலையில் வண்டிச் சத்தமே 70 டெசிபலைத் தொடும். அங்கே பேச்சு எட்டுமுன் கரைந்துவிடும். எனவே அவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறார். சத்தம் சூழ்ந்தால் குரல் தானே ஓங்கும் என்பதைக் கவனித்துச் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பறவைகளும் அப்படியே செய்கின்றன. ஓங்கிய குரலின் சுருதியும் ஏறும், உயிரெழுத்துகள் நீளும். போதகர்கள் எல்லோரும் ஒரே இராகத்தில் பேசுவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கருவி எதுவும் இல்லாமல் மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும்? 1739இல் பிலடெல்பியாவில் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற தெருப் போதகர் நீதிமன்றப் படியில் நின்று முழங்கினார். கூட்டத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். பக்தி எவ்வளவு ஏறியதோ தெரியாது, கணக்கு ஏறிவிட்டது அவருக்கு. குரல் தெளிவாகக் கேட்கும் எல்லைவரை ஆற்றங்கரைப் பக்கமாகப் பின்னோக்கியே நடந்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டார். ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று வகுத்தார். 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று விடை வந்தது. நம் காலத்தில் பிராக்ஸ்டன் போரன் என்ற ஒலியியல் ஆய்வாளர் அந்தத் தெருவைக் கணினியில் கட்டியெழுப்பிச் சோதித்தார். ஒயிட்ஃபீல்டின் குரல் ஒரு மீட்டரில் 90 டெசிபல் அளவில் இருந்திருக்க வேண்டும், 20,000 பேருக்கு மேல் கேட்டிருக்கவும் முடியும் என்று தெரிந்தது. மோட்டார் வண்டி இல்லாத தெரு என்பதை மறக்கக் கூடாது.

இன்று போதகர் கையில் ஒலிபெருக்கி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. பழைய கடைவீடுகள் இருபுறமும் நிற்கும் தெருவில் எதிர்ச்சுவர் 15 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் ஓடும். சுவரில் பட்டுத் திரும்ப 30 மீட்டர். அதற்கு 86 மில்லிநொடி. ஐம்பது மில்லிநொடிக்குள் வந்து சேரும் எதிரொலியை நம் காது மூலக்குரலோடு சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அது தனிக் குரலாகி அடுத்த அசையின் மேல் ஏறி அமரும். தமிழில் ஒற்றெழுத்துகள் முதலில் அடிபடும், ஏனென்றால் அவற்றில் ஆற்றல் குறைவு. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும், தெளிவு கூடாது. அஞ்சடியில் நிற்பவருக்குப் புரியவேண்டுமானால் போதகர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒலியைக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவது. இந்த அறிவுரையை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஒருவர் வேகிறார், இன்னொருவருக்குத் தொண்டை வறள்கிறது. எதற்கு? 1975இல் அமோட்ஸ் சஹாவி என்ற இஸ்ரேலிய உயிரியலாளர் மயில் தோகையைப் பார்த்து ஒரு கருத்தைச் சொன்னார்: இழப்பு தரும் அடையாளமே நம்பத்தக்க அடையாளம். தோகையைச் சுமக்கத் திராணியில்லாத மயிலால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. 2009இல் ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளர் இதை ஒத்த எண்ணத்தை மனித நம்பிக்கைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் தன் நம்பிக்கைக்காக என்ன இழக்கத் தயார் என்பதைப் பார்த்துத்தான் பிறர் அவரை நம்பத் தொடங்குகிறார்கள் என்றார்.

இதற்கு ஆக அழகான சோதனை நம் தமிழர்களிடமே நடந்தது. டிமிட்ரிஸ் சைகலாட்டாஸ் தலைமையிலான குழு மொரீஷியஸ் தைப்பூசத்தில் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், கூட நடந்து பார்த்தவர்கள், வெறுமனே கூட்டுப் பிரார்த்தனை செய்தவர்கள் என மூன்று வகையினரிடம் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, விருப்பம்போல் கோயிலுக்குத் தரச் சொன்னார்கள். பிரார்த்தனை செய்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவில் கொடுத்தார்கள். காவடி எடுத்தவர்கள் 130க்கு மேல். கூட நடந்து பார்த்தவர்கள் 160ஐயும் தாண்டினார்கள். வேதனைப்பட்டவரைவிட அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நெஞ்சு அதிகம் இளகியிருக்கிறது! தைப்பூசத்தில் காவடிக்குப் பக்கத்தில் நடந்த ஜொகூர்க்காரர் யாரையும் இந்த முடிவு வியக்கவைக்காது.

32 டிகிரிப் புழுக்கத்தில் தோல் சட்டை போட்டு நிற்பதைக் காவடிக்கு நிகராக நான் சொல்லவரவில்லை. ஆனால் உடம்பு அதையும் செலவாகத்தான் எழுதிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை உடம்பைக் கொடுத்து ஏதோ சொல்கிறது. அதை எதிர்க்கும் போதகரும் உடம்பைக் கொடுத்துத்தான் சொல்கிறார். இருவரும் கேட்பது முன்பின் தெரியாதவர்களின் கவனம்.

அந்தக் கவனம் எப்படிப்பட்டது என்பதில் எனக்குக் கவலை உண்டு. 2015இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில், பிரிஸ்டல் வட்டாரத்தில் 3,694 இளையரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. பதினைந்து வயதில் தங்களைக் கோத் என்று மிக உறுதியாகச் சொன்னவர்களுக்கு, பதினெட்டு வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு. உடை அந்தச் சோர்வைக் கொண்டுவந்ததாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றார்கள். 2007இல் இங்கிலாந்தின் பேக்கப் ஊரில் சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண், கோத் கோலத்தில் இருந்ததற்காகவே தாக்கப்பட்டு இறந்தார். சிரித்துக் கடந்துபோவதற்கும் அடிப்பதற்கும் நடுவே ஊர் எங்கே நிற்கும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும் கேள்வி. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிடிபட்ட அந்த 380 பேரில் பாதிப்பேராவது வெறும் பாட்டுக் கேட்க வந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

சரி, இருவரும் அந்தி நேரத்தில் ஜொகூர் பாருவில் எதிரெதிரே நிற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் பேச்சைக் கவனித்துக் கேட்கும் மூன்றாம் ஆள் ஒருவர் நிச்சயம் வருவார். பெயர் ஏடிஸ் ஈஜிப்டி. டெங்கியைச் சுமக்கும் கொசு. விடியலை அடுத்தும் அந்திக்கு முன்பும் சுறுசுறுப்பு. நாம் உள்ளிழுக்கும் காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடு, வெளிவிடும் மூச்சில் 4 விழுக்காடு. ஓங்கிப் பேசுபவர் அதிக மூச்சு விடுவார். அந்த வாடை காற்றோடு பல மீட்டர் போகும்.

2022இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ரிஃபெல் குழு இந்தக் கொசுவைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, தரையில் நிறப் பொட்டுகளை வைத்துப் பார்த்தது. வாடை இல்லாதபோது எந்த நிறத்தையும் அது சட்டை செய்யவில்லை. கரியமில வாயுவைத் துளி கலந்ததும் கண் திறந்தது: சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சைநீலம் ஆகியவற்றை நோக்கிப் பறந்தது, பச்சை, ஊதா, நீலம், வெள்ளை ஆகியவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் ஓங்கியிருப்பதால், மூச்சுவாடைக்குப் பிறகு அது தேடுவது அந்த நிறங்களைத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தெருமுனையில் நடப்பது இப்போது தெளிவாகிறது. போதகர் மூச்சைப் பிடித்து முழங்கும்போது கொசுவுக்கு அழைப்பு போகிறது. பசியோடு வந்த கொசு, வெள்ளைச் சட்டையில் நிற்கும் அழைத்தவரை விட்டுவிட்டு, கறுப்புக் காலுறையும் கறுப்புச் சட்டையுமாக நிற்கும் இளைஞரைத் தேர்ந்துகொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. மனந்திரும்பச் சொல்லி ஒருவர் கொடுத்த குரலுக்கு இன்னொருவர் இரத்தம் கொடுக்கிறார். டெங்கிப் பருவத்தில் இருவரும் நீளக்கை, நீளக்கால் உடையோடு பூசுமருந்தும் தடவிக்கொண்டு வாதாடுவது நல்லது. கோத் நண்பர்களுக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு செய்தியும் உண்டு: ஆராய்ச்சியாளர் வெறுங்கையைக் காட்டியபோது வாடை முகர்ந்த கொசுக்கள் அதை நோக்கி வந்தன, அதே கையில் பச்சைக் கையுறை மாட்டியதும் வருவதை நிறுத்திவிட்டன.